தாளம் போட்டவர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் 31 வருஷமாகப் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பீங்கான் ஜாடி, இனாமல் அடுக்கு, மரவை, கதவு, தூண் எல்லாம் கடையில் உண்டு. ஆனால் என் மனசு பழைய இசைத்தட்டில்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில் ராப் பாட்டைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்தது. அமெரிக்காவில் ஆரம்பித்து, 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினர் கொண்டுவந்த தமிழ் ராப் வரை கட்டுரையாளர் அழகாக எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். பிறகு பேனாவை எடுத்து, அதில் வந்த பெயர்களுக்கெல்லாம் அடிக்கோடு போட்டேன். பதினாறு பேர். பதினாறு பேரும் பாடுகிறவர்கள். அந்தப் பாட்டுக்கு அடியில் ஓடும் தாளத்தைச் செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. விட்டுப்போன ஒரு பெயரைச் சேர்க்கத்தான் எழுதுகிறேன். ஜே டில்லா. இயற்பெயர் ஜேம்ஸ் டிவிட் யான்சி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர். ராப் பாட்டுகளுக்குத் தாளம் செய்தவர். 32 வயதில் இறந்துபோனார்.

62 வயதுக் கடைக்காரனுக்கு இவரை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2018-ல் ஐப்பசி மழை நேரம், கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். பழைய எல்.பி. ரெக்கார்டு வேண்டும் என்றார். யார் பாடினது வேண்டும் என்று கேட்டேன். "யாரா இருந்தாலும் பரவாயில்லைங்க ஐயா, பாட்டு நடுவுல வாத்தியம் மட்டும் தனியா வர்ற இடம் இருந்தாப் போதும்" என்றார். அப்படிக் கேட்டு என் கடைக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. நான் கழித்துப்போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு தட்டை உருவி, இது எவ்வளவு என்றார். கீறல் விழுந்தது தம்பி, முள் தாவும், வேண்டாம் என்றேன். "அந்தக் கரகரப்பும் வேணும்ங்க ஐயா" என்றார். 50 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டிலிருந்து இரண்டே விநாடியை வெட்டி எடுத்து, அதை வைத்து ஒரு முழு இசையைச் செய்துகொண்டு வந்தார். எனக்கு அது பிடிபடவில்லை. யாரிடம் இந்த வேலையைக் கற்றாய் என்று கேட்டேன். நேரில் பார்க்காத குரு என்று சொல்லி, செல்போனைச் சின்ன ஸ்பீக்கரில் சேர்த்து டில்லா செய்த ஒன்றைப் போட்டார். வெளியே நல்ல மழை. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "தம்பி, தாளம் தவறுதே" என்றேன். சின்ன வயசில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றவன் என்ற எண்ணத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தவறுதா, தவற விடுறாரா? இன்னொரு தடவை கேளுங்க ஐயா" என்றார்.

அன்று மாலைக்குள் எட்டு முறை கேட்டிருப்பேன். தவறவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அளவுக்கு, மயிரிழை முந்தியோ பிந்தியோதான் விழுந்தது.

தம்பி விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். டில்லா கையில் இருந்த பெட்டியின் பெயர் எம்.பி.சி. 3000. ரோஜர் லின் வடிவமைத்து, அகாய் கம்பெனி செய்தது. மேலே 16 ரப்பர் பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஒலியை ஏற்றிக்கொண்டு விரலால் தட்டி வாசிக்கலாம். மனுஷ விரல் கொஞ்சம் முன்னே பின்னேதான் விழும். அதை இழுத்துச் சரியான கட்டத்தில் உட்கார வைக்கிற வசதியும் அந்தப் பெட்டியிலேயே உண்டு. டில்லா சில நேரம் அதை அணைத்துவிட்டு வாசிப்பார். அதோடு நிற்காமல் சில ஒலிகளை வேண்டுமென்றே இடம் நகர்த்தியும் வைப்பார். டிரம் செட்டில் ஹை-ஹாட் என்ற ஜால்ராத் தட்டு கடிகாரம் போலச் சீராகப் போகும். ஸ்நேர் என்ற சின்ன டிரம் அவசரமாக முந்தி விழும். காலால் அடிக்கிற பெரிய டிரம்மான கிக் அசைந்து அசைந்து தன் பாட்டுக்கு வரும். மூன்றும் ஒரே நேரத்தில்.

நம் சங்கீதத்தில் எடுப்பு என்று ஒன்று உண்டு. தாளம் ஆரம்பிப்பதற்கு முன்பே பாட்டு ஆரம்பித்தால் அதீதம், தாளம் ஆரம்பித்த பிறகு பாட்டு வந்தால் அநாகதம். அதையெல்லாம் கை விரலில் எண்ணிக் கணக்குச் சொல்லிவிடலாம். டில்லா செய்தது அந்தக் கணக்குக்கும் கீழே, விரலுக்குச் சிக்காத இடத்தில் இருக்கிறது. ஒரு கை நாலு எண்ணும் சதுஸ்ரத்தில் நிற்க, இன்னொரு கை மூன்று எண்ணும் திஸ்ரத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே போனால் எப்படி இருக்கும், அது போல.

எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. என் அம்மாவும் சித்தியும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். அம்மா கை ஒரே சீர். சித்தி ஒரு மூச்சு தாமதித்துப் போடுவாள், அதிலும் இரண்டுக்கு ஒரு முறைதான். திண்ணையில் படுத்திருந்தாலும் யார் குத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சித்தி ஊரில் இல்லாத நாளில் அம்மா மட்டும் குத்தும் சத்தத்துக்குத் தூக்கம் வராது. அந்தச் சத்தத்தை ஐம்பது வருஷம் கழித்து டெட்ராய்ட்காரர் ஒருவர் பெட்டியில் கேட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, நான் கேட்டது உண்மை.

டில்லா 1974 பிப்ரவரி 7 அன்று பிறந்தவர். கானன்ட் கார்டன்ஸ் என்ற பகுதியில் வளர்ந்தார். அப்பா பாஸ் வாசிப்பவர், அம்மா பாட்டுப் பயின்றவர். நடை பழகுகிற வயசிலேயே இசைத்தட்டு சேர்க்க ஆரம்பித்துவிட்டான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஆம்ப் ஃபிட்லர் என்ற உள்ளூர் இசைக்கலைஞர் தன் வீட்டில் வைத்து இந்த வகைப் பெட்டியில் கை வைக்கக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைதான் டில்லாவுக்கு உலகம்.

அங்கிருந்து 1995-ல் ஃபார்சைட் என்ற ராப் குழுவுக்குச் செய்துகொடுத்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிரேசில் கிதார் கலைஞர் லூயிஸ் போன்ஃபாவும் சாக்ஸபோன் வாசித்த ஸ்டான் கெட்ஸும் சேர்ந்து 1963-ல் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அதிலிருந்து ஒரு துளி கிதாரை எடுத்துச் சுழல விட்டு, அதன் மேல் தன் தாளத்தைப் போட்டார். அப்போது அவருக்கு 21 வயது. இரண்டையும் தம்பி எனக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். மூலத்தில் அந்தக் கிதார் கடந்து போய்விடுகிறது. டில்லா அதைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். முப்பது வருஷமாகத் தட்டு விற்கிற எனக்கு, ஒரு தட்டை இப்படியும் கேட்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு டி லா சோல், காமன், எரிக்கா படு என்று பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் செய்தார். ஆனால் பெயர் வெளியே வரவில்லை. 1996-ல் ஏ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் குழுவின் ஆல்பத்தில் அவர் உழைப்பு இருக்கிறது. அட்டையில் 'தி உம்மா' என்ற கூட்டுப் பெயரில் அதை அடக்கிவிட்டார்கள். ஜே டீ என்று வைத்துக்கொண்ட பெயரும் ஜெர்மைன் டுப்ரி என்ற இன்னொருவரின் சுருக்கப் பெயரோடு குழம்பியதால், பிறகு ஜே டில்லா என்று மாற்றினார். டிரம் வாசிக்கிற குவெஸ்ட்லவ் போன்றவர்கள் இவர் பெட்டியில் வாசித்ததைக் கேட்டு, பல வருஷம் சீராகப் பழக்கிய தங்கள் கையையே மாற்றிக்கொண்டார்கள். பாடகர் டி'ஆஞ்சலோவின் 2000-ஆம் வருஷத்து ஆல்பத்தில் அந்த மாற்றம் தெளிவாகக் கேட்கிறது. இன்று இரவில் படிக்கும் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற, கொஞ்சம் தள்ளாடுகிற அந்த மெல்லிய இசைக்கும் இவர்தான் ஒரு வேர். இன்னொரு வேர் ஜப்பானில் இருக்கிறது: ஜுன் செபா. பெயரைப் பின்னாலிருந்து எழுதி நுஜாபெஸ் என்று வைத்துக்கொண்டவர். என்னைப் போல அவரும் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். அவர் பிறந்ததும் அதே 1974 பிப்ரவரி 7. அவரும் 36 வயதில், 2010-ல், டோக்கியோவில் சாலை விபத்தில் போய்விட்டார்.

டில்லாவுக்கு டி.டி.பி. என்ற அரிய ரத்த நோய். கூடவே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என்ற நோய். 2005 கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐரோப்பாவில் மேடை ஏறினார். விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடும். அம்மா மவுரீன் பக்கத்தில் இருந்து விரல்களைத் தேய்த்துவிடுவாராம். வலி குறைந்ததும் மகன் மறுபடி வேலைக்குத் திரும்புவாராம். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-ஆவது பிறந்த நாளில், 'டோனட்ஸ்' என்ற ஆல்பம் வெளிவந்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று இறந்துபோனார்.

அந்த ஆல்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொத்தம் 31 துண்டுகள், பெரும்பாலும் ஒன்றரை நிமிஷத்துக்குள். முதல் துண்டுக்கு 'முடிவு' என்று பெயர் வைத்திருக்கிறார். கடைசித் துண்டுக்குத் 'தொடக்கம்' என்று பெயர். கடைசி முடிகிற இடத்தில் விட்டுவிட்டால் முதலில் போய்ச் சேர்ந்துகொள்ளும். இதைத் தம்பி ஏதோ அதிசயம் போலச் சொன்னார். நான் அவரை அபிராமி அந்தாதியை எடுக்கச் சொன்னேன். 'உதிக்கின்ற' என்று தொடங்கி, நூறாவது பாட்டு 'உதிக்கின்றவே' என்று வந்து முடிவதைக் காட்டினேன். அன்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சாகப்போகிறவர் இப்படி வைத்தாரே என்று எனக்கு நெஞ்சு கனத்தது.

அவர் வாசித்த அந்தப் பெட்டியை அம்மா ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2016-ல் வாஷிங்டனில் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. பிரான்சில் மான்பெலியே நகரத்தில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. இவ்வளவும் இறந்த பிறகு. உயிரோடு இருந்தபோது அவரைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் கூடவே இசை செய்தவர்கள்தான்.

ரெக்கார்டு காரைக்குடிக்குப் புதிதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஏ.வி. மெய்யப்பன் எங்கள் ஊர்க்காரர். அவருடைய அப்பா கடையில் கிராமபோன் தட்டு விற்றார்கள். மகன் சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து, தட்டு தயாரித்து விற்கும் தொழிலுக்கே வந்தார். சினிமா எல்லாம் அதற்கு அப்புறம்தான். ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டி பெட்டியாகத் தட்டு கொண்டுவந்தார்கள். அதில் மிஞ்சியதைத்தான் நான் விற்கிறேன். கொலம்பியா, ஒடியன், ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் என்று 78 வேக அரக்குத் தட்டுகள் இப்போதும் கடையில் 400-க்கு மேல் கிடக்கின்றன. லேபிளில் பாடினவர் பெயர் பெரிதாக இருக்கும். ராகம் இருக்கும். 'ஆதி தாளம்' என்றும் போட்டிருக்கும். அந்த ஆதி தாளத்தை வாசித்தவர் பெயரைப் பெரும்பாலும் காண முடியாது. மிருதங்க வித்வான் காரைக்குடி மணி மாதிரி ஒருவர் வந்து, தாள வாத்தியத்தை மேடையின் நடுவில் வைத்துக் கச்சேரி செய்து காட்டினார். 2023-ல் அவர் மறைந்தபோது எங்கள் ஊரில் அதைப் பேசாத டீக்கடை இல்லை. அப்படி ஊர் அறிந்த பெயர் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

கோட்டையூர்த் தம்பிக்கும் கிடைக்கவில்லை. அவர் செய்த ஒரு பீட்டை, அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசையை, 3,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போய் ஒருவர் பாட்டு வெளியிட்டார். பாட்டு நன்றாக ஓடியது. பாடினவர், படம் பிடித்தவர், சட்டை தைத்தவர் பெயர் வரை கீழே போட்டிருந்தார்கள். தம்பி பெயர் இல்லை. போன் போட்டுக் கேட்டால் அடுத்த பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். இப்போது அவர் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு வரும்போது கடைக்கு வருவார். பெட்டியை விடவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அவர் சொல்லித்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. இந்தக் கடிதத்தை உண்மையில் எழுத வைத்தது அதுதான். டெட்ராய்ட் பக்கத்தில் ராயல் ஓக் என்று ஓர் ஊர். அங்கே பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், 2012 வாக்கில், யாரோ கைவிட்டுப் போன வாடகைக் கிடங்கு ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை மொத்தமாக வாங்கினார். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பிரித்து அடுக்கும்போது நடுவில் பழைய தபால்கள் கிடந்தன. விளம்பரத் தபால்கள்தான், குப்பைக்குப் போக வேண்டியவை. அவற்றில் இருந்த முகவரியில் ஜேம்ஸ் யான்சி என்ற பெயரைப் பார்த்தார். டில்லா வெட்டி வெட்டி எடுத்த தட்டுகள் அவை. அந்த மனிதர் பேசாமல் விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் டில்லாவின் அம்மாவைத் தேடிப்பிடித்துச் சொன்னார்.

2004-ல் பள்ளத்தூரில் ஒரு வீட்டைப் பங்காளிகள் பிரித்தபோது, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த ஒரு தகரப் பெட்டியை நான் வாங்கினேன். உள்ளே 120 தட்டுகள். உறைகளில் ரங்கூன் மொகல் தெருக் கடை ஒன்றின் முத்திரை. பல உறைகளில் பென்சிலால் ஏதேதோ எழுதியிருந்தது. தேதி, யார் யார் கூட இருந்து கேட்டார்கள், எந்தப் பக்கம் ஆச்சிக்குப் பிடித்தது என்றெல்லாம். நான் நின்று படிக்கவில்லை. அந்த வாரம் எனக்குப் பணம் தேவையாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், ஓட்டல் சுவரில் அலங்காரத்துக்கு மாட்ட வேண்டும் என்று மொத்தத்தையும் கேட்டார். கொடுத்துவிட்டேன். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உறைகளை என் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். மறுநாள் நல்ல மழை. ராயல் ஓக் கடைக்காரர் ஒரு குப்பைத் தபாலைப் படித்தார். நான் ஒருவர் கைப்பட எழுதியதையே படிக்காமல் விட்டேன். தம்பி அந்தக் கதையைச் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிப்ரவரி 7 அன்றோ அதை ஒட்டிய ஞாயிறன்றோ டில்லாவைப் பற்றி உங்கள் இணைப்பில் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். அவர் இறந்து 20 வருஷம் ஆகிவிட்டது, தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியட்டும். இனிமேல் பாட்டு விமர்சனம் வரும்போது, சினிமாப் பாட்டோ ராப் பாட்டோ, தாளம் செய்தவர் யார் என்று ஒரு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒரு போன் செய்தால் சொல்லிவிடுவார்கள். பாடகருக்கு அதனால் எதுவும் குறைந்துவிடாது.

அப்புறம், இந்தக் கடிதத்தைப் பள்ளத்தூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. அந்த மழையில் நனைந்த உறைகளில் ஒன்றே ஒன்று என்னிடம் தப்பிக் கிடக்கிறது. பழுப்புக் காகிதம், மூலையில் ரங்கூன் முத்திரை. தட்டு இல்லை. பென்சில் எழுத்து மட்டும் அழியாமல் இருக்கிறது: 'இரண்டாம் பக்கம் மிருதங்கம் யார்? விசாரிக்கவும்.' அது உங்கள் வீட்டு ஐயாவின் கையெழுத்தாக இருக்கலாம். கடை காலை 10 மணியிலிருந்து திறந்திருக்கும். வந்தால் உறையைக் கையோடு கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டு வியாபாரி,
முனீஸ்வரன் கோவில் தெரு,
காரைக்குடி.